வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல் புற்றுநோய் தருமா?

"வேர் சிகிச்சை செய்த பல் நஞ்சு கசிந்து புற்றுநோய் தரும், பிடுங்கிவிடுங்கள்" என்று பரவும் செய்தி தவறு. பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்து அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ் 1920களில் வெளியிட்ட முடிவுகளில் தொடங்கிய பயம் இது. பின்னால் முறையாகச் செய்த ஆய்வுகளில் அந்த முடிவுகள் உறுதியாகவில்லை.

எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி, பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள, அழுகிய பற்கூழை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் வேருக்குள் இருக்கும் கால்வாயை அடைப்பதுதான் சிகிச்சை. அது தோற்பதும் உண்டு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் ஒளிந்திருக்கும் நான்காவது கால்வாய் விடுபட்டால் சீழ் திரும்பும். வலிதான் போயிற்றே என்று கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாமல் விட்டால் கடைவாய்ப் பல் பிளக்கலாம். தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ, கேப் பிடிக்க ஈறுக்கு மேல் பல்லே மிஞ்சாவிட்டாலோ பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப்பல் அந்த இடைவெளிக்குள் நீளலாம்.