டெமோ பீஸ் அழகாத்தான் இருக்கு, உங்க ஜாப் எங்கே?

நேற்று நம்ம மெஷின் ஷாப் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பெரிய அஞ்சு ஆக்சிஸ் மில்-டர்ன் (கடைதல், மில்லிங் இரண்டையும் ஒரே இடத்தில் செய்யும் மெஷின்) புக் செய்ததாக ஒரு தம்பி படமும் டெமோ வீடியோவும் போட்டார். நான் கேட்டது ஒரே கேள்வி: "உங்க ஜாப்பை அதுல வெட்டிப் பார்த்தீங்களா?" அதற்கு வந்த பதில், "லேத் காலத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்ணா." அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் சைக்கிள் டைம் (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்) போட்டுத் தரச் சொல்லி எனக்கு டிராயிங் அனுப்பியவர்களும் உண்டு. இருக்கட்டும்.

கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஜாப் என்றால் நாளைக்கு உங்க ஷாப்பில் ஓடப்போகிற பாகம். உங்க ஜாப்பை வெட்டிப் பார்த்தீங்களா?

அந்த வீடியோவில் ஓடுவது அலுமினிய இம்பெல்லர். பால் நோஸ் கட்டர், கண்ணாடி மாதிரி ஃபினிஷ். அலுமினியத்தில், டூலைச் சுழற்றும் அந்த ஸ்பிண்டிலுக்கு வேர்க்கக்கூடச் செய்யாது. தம்பி ஷாப்பில் ஓடப்போவதோ இஎன் 24 என்ற கெட்டியான அலாய் ஸ்டீலில் ஒன்றரை மீட்டர் ஷாஃப்ட், ஒரு முனையில் பெரிய ஃபிளேஞ்ச் (வட்டத் தட்டு). கணக்குப் போடுவோம். 80 மி.மீ ஃபேஸ் மில் கட்டர், 6 இன்சர்ட் (வெட்டும் பல்), வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 200 மீட்டர் என்றால் சுமார் 800 ஆர்பிஎம். பல்லுக்கு 0.15 மி.மீ ஃபீட், 5 மி.மீ ஆழம், 70 மி.மீ அகலம். ஏறக்குறைய 9 கிலோவாட், 110 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) கேட்கும். பிரவுச்சரில் டார்க் 120 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 40 சதவீத ஈடி என்று இருக்கும், அதாவது 40 சதவீத நேரம் மட்டும் அந்த லோடு தாங்கும். நிறுத்தாமல் ஓடும் எஸ்1 ரேட்டிங் 80 என்றால் என்ன ஆகும்? பாதி ஜாப்பில் லோடு மீட்டர் சிவப்புக்குப் போகும், ஆபரேட்டர் ஃபீடைக் குறைப்பார், கொட்டேஷனில் போட்ட நேரம் காற்றில் போகும். இதை இம்பெல்லர் சொல்லாது. உங்க ஜாப்தான் சொல்லும்.

அடுத்தது சூடு. இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 12 மைக்ரான் நீளும். ஒன்றரை மீட்டர் ஷாஃப்ட் 4 டிகிரி ஏறினால் 70 மைக்ரானுக்கு மேல். காலை எட்டு மணிப் பீஸும் மதியம் மூணு மணிப் பீஸும் ஒன்றாக வருமா என்பதை ஏசி போட்ட டெமோ ஹாலில் இருபது நிமிஷம் நின்று கண்டுபிடிக்க முடியாது. சோதனை ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. ஒரு மாஸ்டர் பாலை (துல்லியமான உருண்டை) மாட்டுங்கள், தலை சாய்ந்தாலும் டூல் நுனியை ஒரே புள்ளியில் வைக்கும் ஆர்டிசிபியை ஆன் செய்யுங்கள், சுழலும் ஆக்சிஸ்களான பி-யையும் சி-யையும் சுழற்றி டயலில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, ஸ்பிண்டில் நாலு மணி நேரம் ஓடிய பிறகு இன்னொரு தடவை. பி ஆக்சிஸில் வெறும் 10 ஆர்க் செகண்ட் பிழை இருந்தாலும், அது சுழலும் மையமான பிவட்டிலிருந்து 400 மி.மீ தள்ளி இருக்கும் டூல் நுனியில் அது ஏறக்குறைய 20 மைக்ரான். டயலைக் கொண்டுபோனால் சேல்ஸ்காரர் முகம் மாறும். மாறட்டும்.

"பெரிய மேக்கர், டெஸ்ட் பண்ணாமலா அனுப்புவான்?" என்பீர்கள். பண்ணித்தான் அனுப்புவான். ஆக்சிஸ் சொன்ன இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 230-2 ரிப்போர்ட்டும் ஃபைலில் வரும். ஒவ்வொரு ஆக்சிஸையும் தனித்தனியாக, வெட்டு லோடு இல்லாமல் ஓட்டி எடுத்த கணக்கு அது. அஞ்சும் சேர்ந்து ஓடும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஐஎஸ்ஓ 10791-7 டெஸ்ட் பீஸ் (வெட்டிக் காட்டி அளக்கும் மாதிரி) இருக்கிறது, கேட்டீர்களா?

"செட்டிங் (பீஸைக் கழற்றி மாட்டுவது) குறையுதே" என்பது நியாயமான பேச்சு. அஞ்சு செட்டிங் ஒன்றாகும், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் போகிற மைக்ரான்கள் மிஞ்சும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெஷின் எட்டுக் கோடி, வருஷம் 5,000 மணி, ஏழு வருஷம் என்று வையுங்கள். தேய்மானம் மட்டும் மணிக்கு சுமார் 2,300 ரூபாய். வட்டி, கரண்ட், டூல், ஆள் கூலி எல்லாம் அதற்கு மேல். அந்த மெஷினில் நாலு மணி நேரம் ரஃப் டர்னிங் ஓட்டினால் செட்டிங்கில் மிச்சம் பிடித்தது எங்கே போச்சு?

ஸ்ட்ரோக்கையும், அதாவது ஆக்சிஸ் நகரும் தூரத்தையும், யாரும் கேட்கவில்லை. 3 மீட்டர் என்று போட்டிருக்கும். பி ஆக்சிஸ் ஜீரோவில் இருக்கும்போது, துளை பெரிதாக்கும் நீளமான போரிங் பாரை மாட்டுங்கள், பீஸைப் பிடிக்கும் சக், ஜா உயரத்தைக் கழியுங்கள், மீதியைப் பாருங்கள். டூலைத் தானாக மாற்றும் ஏடிசி எவ்வளவு நீள டூல், எவ்வளவு எடை தூக்கும்? தூக்காது என்றால் நீள டூலுக்குத் தனி ஸ்டேஷன் வேண்டும். அது பிற்பாடு ஒட்டவைக்கிற சமாச்சாரம் இல்லை, ஆர்டரிலேயே எழுதணும். டர்னிங் ஓடும்போது மில்லிங் ஸ்பிண்டிலை எது பிடிக்கிறது என்றும் கேளுங்கள். பல் வைத்த கப்ளிங் என்றால் நிம்மதி. பேரிங்தான் தாங்குகிறது என்றால், கீவே (நீளப் பள்ளம்) வெட்டிய ஷாஃப்டில் தட்டித் தட்டி டர்னிங் செய்யும் ஒவ்வொரு அடியும் அந்தப் பேரிங்குக்குத்தான்.

சந்தடி சாக்கில் இன்னொன்று. ஒரு ஷாப்பில் இப்படி ஒரு மெஷினைப் பக்கத்து ஷெட்டுக்கு நகர்த்தினார்கள். வைத்து, லெவல் பார்த்து, ஆன் செய்தால் பூட்டிக்கொண்டது. அஞ்சு ஆக்சிஸ் மெஷின்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருவதால், ஜப்பான்காரர்கள் இடம் மாறினால் கண்டுபிடித்து நிறுத்தும் சாதனம் வைத்தே அனுப்புகிறார்கள். மேக்கரின் ஆள் வந்து திறக்கிற வரை கூலன்ட் நாற, மெஷின் சும்மா நின்றது. மெஷினை யார், எதற்கு வைத்திருப்பார்கள் என்று உறுதி கொடுக்கும் எண்ட் யூசர் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டவர் அதைப் படித்திருக்கவில்லை. நேற்று நான் இதையும் சொல்ல வந்தேன். அதற்குள்தான் லேத் காலத்து ஆள் ஆகிவிட்டேனே.

லேத் காலம் என்று இளக்காரமாகச் சொல்வது எதை? சிப் நிறத்தைப் பார்த்தும், வெட்டும் சத்தத்தைக் கேட்டும் இன்சர்ட் போச்சு என்று சொல்பவர்களைத்தானே? மெஷினுக்கு எட்டுக் கோடி எண்ணி வைப்பீர்கள். புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் ப்ராசஸருக்கும், இடிக்குமா என்று முன்கூட்டியே பார்க்கும் சிமுலேஷனுக்கும் காசு கேட்டால், "புரோகிராமர் பார்த்துக்குவான்." மேல் ஸ்பிண்டில் கீழ் டரெட்டில் (டூல்கள் மாட்டிய சுழல் தலை) இடித்த அன்றைக்கு அதே புரோகிராமர் வெளியே. அவர் சம்பளத்தை ஒருநாள் மெஷினின் மணி ரேட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைக் கேட்டால் நான் முன்னேற்றத்துக்கு எதிரி. மெஷின் வேண்டாம் என்று எங்கேயும் நான் சொல்லவில்லை, மேலே போய்த் தேடிப் பாருங்கள்.

தம்பி, மெஷினை ஏற்றுக்கொள்ளும் அக்செப்டன்ஸ் ஷீட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அதில் இதை ஏற்றுங்கள்: உங்க மெட்டீரியல், உங்க ஃபிளேஞ்ச் ஷாஃப்ட், தொடர்ந்து மூணு பீஸ், நடுவில் யாரும் ஆஃப்செட்டை (அளவுத் திருத்த எண்) தொடக்கூடாது, அளவு உங்க சிஎம்எம்-இல் (அளக்கும் மெஷின்). டெஸ்ட் கட்டுக்குக் காசு கேட்டால் கொடுங்கள். டிராயிங்கை இன்பாக்ஸில் போடுங்கள், டாலரன்ஸ் வரிசையை நான் எழுதித் தருகிறேன். சிரித்தவர்களும் அனுப்பலாம், எப்போதும் போல.