பறவைக் காய்ச்சலும் பூட்டிய புறாக்கூண்டும்

சென்ற வாரம் பக்கத்து வீட்டு அம்மா மாடிப்படி ஏறி வந்தார். கையில் கைப்பேசி. கோழிகளைச் சாக்கில் கட்டிக் குழிக்குள் தள்ளும் காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, உங்கள் புறாக்கள் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல்தான் வந்து உட்காருகின்றன. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பத்து வருடங்களாக என் புறாக்களைப் பார்த்துப் பழகியவர் அவர். பந்தயத்துக்குப் போன புறா திரும்பத் தாமதமானால், "வந்துவிட்டதா தம்பி?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விசாரிப்பவர். அவரே பயப்படுகிறார் என்றால் அதை அலட்சியம் செய்ய எனக்கு உரிமை இல்லை.

அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பயம் நியாயமானது. பறவைக் காய்ச்சலைத் தரும் எச்5என்1 வைரஸின் இன்றைய வம்சம் 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பெருவாத்துகளிடம் கண்டறியப்பட்டது. அடுத்த வருடமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 2003-க்குப் பிறகு இந்த வைரஸ் தொற்றியதாக உறுதிசெய்யப்பட்ட மனிதர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கவில்லை. 2024-இல் அமெரிக்காவில் கறவை மாடுகள் வரை போய்விட்டது. இதைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று பேசும் புறாக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் புறாவின் கதை வாத்தின் கதையோ கோழியின் கதையோ அல்ல. ஆய்வுக்கூடங்களில் புறாக்களுக்கு இந்த வைரஸைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான சோதனைகளில் அவை நோயில் விழவில்லை. அவற்றின் உடலிலிருந்து வெளியான வைரஸும் மிகக் குறைவு. கூடவே விடப்பட்ட கோழிகளுக்கு அவை எளிதில் தொற்றவைக்கவும் இல்லை. சில வகை வைரஸ்களுக்குச் சில புறாக்கள் பலியானதும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பறவைக் காய்ச்சல் வைரஸ் உடலுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் பிடிமானங்கள் வாத்தின் குடலில் நிறைந்திருக்கின்றன, புறாவின் மூச்சுப்பாதையில் அவை அரிது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

2013-இல் ஷாங்காய் சந்தை ஒன்றில் விற்பனைக்கு இருந்த புறாக்களிடம் எச்7என்9 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் கிடைத்ததே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. உயிருள்ள பறவைகளைப் பக்கம் பக்கமாகக் கூண்டில் அடைத்து விற்கும் இடம் அது. ஒன்றின் எச்சம் இன்னொன்றின் தீனியில் விழும். அந்தச் சம்பவம் எனக்குச் சொல்லும் பாடம், புறா எங்கே, எவற்றோடு அடைபட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதுதான். வானத்தில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வீடு நோக்கிப் பறந்துகொண்டிருக்கும் புறாவிடம் அந்தச் சந்தையைத் தேடிப் பயனில்லை.

நம் விளையாட்டில் அந்தச் சந்தைக்குச் சமமான இடம் ஒன்று இருக்கிறது. பறக்கவிடும் இடத்துக்குப் புறாக்களை ஏற்றிப்போகும் பந்தயக் கூடை.

பந்தயத்துக்கு முந்தைய இரவை நினைத்துப் பாருங்கள். இருபது முப்பது பேரின் புறாக்கள் ஒரே கூடையில். வெளியே மாட்டிய ஒரே தண்ணீர்த் தொட்டி. பெரும்பாலான பறவைகளைப் போலப் புறா ஒரு வாய் அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்குவதில்லை. மூக்குத்துளை வரை அலகை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். கம்பி இடுக்குகளில் தலையை விட்டு வரிசையாக அப்படிக் குடிக்கும்போது ஒரு புறாவின் வாயில் இருப்பது விடிவதற்குள் எல்லாப் புறாக்களின் வாயிலும் இருக்கும். இதை நான் கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் திக்கென்கிறது.

பறவைக் காய்ச்சல் இந்த வழியில் பரவ வாய்ப்புக் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். கழுத்தைத் திருகிப்போடும் பாராமிக்சோ வைரஸ் இந்த வழியில்தான் காலங்காலமாக வருகிறது. அதனால்தான் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அதற்கான தடுப்பூசி போடாத புறாவைப் பந்தயத்தில் சேர்க்க முடியாது. 2016-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ரோட்டா வைரஸ் கூண்டு கூண்டாகப் புறாக்களைக் கொன்று மற்ற மாநிலங்களுக்கும் போனது. பறவைகள் கூடும் இடத்தில்தான் நோய் பரவுகிறது. ஆகவே பறவைக் காய்ச்சல் காலத்தில் "பந்தயக் கூடலை நிறுத்துங்கள்" என்று அரசு சொன்னால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். நோய் கண்ட பண்ணையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் பாதுகாப்பு வட்டம், பத்து கிலோமீட்டர் கண்காணிப்பு வட்டம் என்பது ஐரோப்பாவின் நடைமுறை. அந்த வட்டத்துக்குள் கூடை நுழையவே கூடாது. பந்தயப் பாதையையும் பார்க்கவேண்டும். பிரான்சின் தென்மேற்கில் டாக்ஸ், அஜென் என்று நீண்ட தூரப் பந்தயங்களின் புகழ்பெற்ற புறப்பாட்டு இடங்கள் இருக்கின்றன. அந்த வட்டாரம்தான் அந்நாட்டின் வாத்துப் பண்ணைகளின் தாயகமும்கூட. அங்கே தொற்று வந்து லட்சக்கணக்கான வாத்துகள் கொல்லப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட பருவத்தில் அங்கிருந்து புறாவைத் திறந்துவிடாமல் இருப்பது அறிவுடைமை.

நான் எதிர்ப்பது ஒன்றைத்தான். எந்த வட்டத்திலும் இல்லாத, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கூண்டையும் சேர்த்து "எல்லாப் பறவைகளையும் உள்ளே அடையுங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிடும் உத்தரவை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை அது. அடைத்துவைப்பதால் என்ன கெட்டுப்போய்விடும், நோய் போனபிறகு பறக்கவிட்டால் போயிற்று என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். புறா வளர்க்காதவருக்கு அப்படித்தான் தோன்றும்.

ஒரு குஞ்சு பொரித்து நான்கு, ஐந்து வாரங்களில் அதைக் கூண்டு வாசலில் இருக்கும் தரையிறங்கும் பலகையில் கொண்டுவந்து வைக்கிறோம். அப்போது அதற்குச் சரியாகப் பறக்கத் தெரியாது. பலகையில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கும். எதிர்வீட்டுத் தென்னை, தொட்டி, கொடிக்கம்பி, சூரியன் ஏறும் பக்கம் எல்லாம் அந்தச் சில நாட்களில் அதன் மனதில் ஏறுகின்றன. ஒரு எட்டு தாவும், மிரண்டு திரும்பும், மறுநாள் கூரை வரை போகும். இறக்கையில் வலு ஏறுவதும் வீடு மனதில் பதிவதும் சேர்ந்தே நடக்கவேண்டும். வலு முதலில் வந்து வீடு பின்னால் வந்தால் காரியம் கெட்டது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஏழு வாரங்கள் கூண்டைப் பூட்டினேன். பதினெட்டுக் குஞ்சுகள் உள்ளேயே வளர்ந்தன. திறந்த அன்று காலை அவை பலகையில் நிற்கவே இல்லை. மூன்று மாத வலுவோடு ஒரே வீச்சில் எழுந்தன. இரண்டு சுற்றுச் சுற்றின. மூன்றாவது சுற்றில் வட்டம் பெரிதாயிற்று, நான்காவதில் கண்ணுக்கு எட்டவில்லை. தீனி டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி என் கை ஓய்ந்தது. இருட்டும்வரை மாடியிலேயே நின்றேன். ஏழு திரும்பின. பதினொன்று போனது போனதுதான். அவற்றில் ஒன்று, நான் வைத்திருந்த மிகச் சிறந்த பெட்டையின் கடைசிக் குஞ்சு. அந்தப் பதினொன்றும் எங்கோ குளக்கரையிலும் கோழிப்பண்ணைக் கூரையிலும் அலைந்திருக்கும். நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவு, வீடு தெரியாத பதினொரு புறாக்களை ஊருக்குள் அவிழ்த்துவிட்டது. இதை யோசித்துப் பார்க்கும் ஒருவராவது அந்த உத்தரவை எழுதிய மேசையில் இருந்திருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பயத்தில் முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஜோ என்ற புறாவை நினைவுபடுத்துகிறேன். 2020 டிசம்பரில் மெல்பர்னில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வந்து இறங்கியது. காலில் அமெரிக்க அடையாள வளையம். ஓரிகன் மாநிலப் பந்தயம் ஒன்றில் காணாமற்போனது பசிபிக்கைக் கடந்து வந்துவிட்டது என்று செய்தி பரவியது. ஆஸ்திரேலியப் பறவைகளுக்கு நோய் கொண்டுவரும் ஆபத்து என்று சொல்லிக் கொன்றுவிட அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். கடைசியில் அமெரிக்கப் புறாப் பந்தயச் சங்கம் அந்த வளையம் போலி என்றது. உள்ளூர்ப் புறாவாகத்தான் இருக்கும் என்று தெரிந்து உயிர் பிழைத்தது. ஒரு வளைய எண்ணைச் சரிபார்க்கும் பொறுமை ஓர் உயிரைக் காப்பாற்றியது. அதே சமயம், போலி வளையம் போட்ட கை நம்மவர் யாருடையதோதானே? அந்த வெட்கமும் நமக்கு வேண்டும்.

சக புறாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். புறாக்கூண்டுக்குக் கீழே நாலு கோழியும் இரண்டு வாத்தும் வளர்த்துக்கொண்டு "புறாவுக்கு இந்த நோய் வராது" என்று வாதாடாதீர்கள். தீனியை மாடியில் இறைக்காதீர்கள். காக்கை, சிட்டு, காட்டுப்புறா எல்லாம் அதற்கு வரும். வழிதவறி வந்த புறாவைப் பாவம் பார்த்து நேராக உள்ளே விடாதீர்கள். இரண்டு வாரம் தனியறை, தனித் தொட்டி. கூண்டுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு வைத்திருங்கள். பண்ணைக்கோ சந்தைக்கோ போட்டுக்கொண்டு போன செருப்பு உள்ளே வரக்கூடாது. கடும் வெயிலில் நீண்ட தூரம் விடாதீர்கள், தாகமெடுத்த புறா காட்டு வாத்துகள் மிதக்கும் குளத்தில்தான் இறங்கும். புறாக்கள் செத்தால் யாருக்கும் தெரியாமல் புதைக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சங்கத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று நாம் மறைத்த ஒவ்வொரு சாவும், பிறகு வரும் உத்தரவைக் கடுமையாக்குகிறது.

அரசிடம் நான் கேட்பது பெரிதில்லை. ஐரோப்பியச் சட்டத்தில் பந்தயத்துக்கு வளர்க்கும் பறவைக்குக் கோழிப்பண்ணைப் பறவையிலிருந்து வேறான ஒரு வகைப்பெயரே இருக்கிறது. பிரிட்டனில் கோழி, வாத்துக் கூடல்களுக்குத் தடை இருந்த காலத்திலும் புறாக்களுக்குத் தனி உரிமத்தில், நிபந்தனைகளோடு அனுமதி இருந்திருக்கிறது. அப்படிப் பிரித்துப் பாருங்கள் என்கிறேன். கூடையை நிறுத்துங்கள், பந்தயத்தை நிறுத்துங்கள். தொற்று வட்டத்துக்கு வெளியே இருக்கும் கூண்டிலிருந்து, பசியோடு இருக்கும் புறாவைக் காலையில் ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பறக்கவிட மட்டும் அனுமதியுங்கள். பசித்த புறா பெரும்பாலும் வேறெங்கும் இறங்காது. டப்பாச் சத்தம் கேட்டதும் உள்ளே வந்துவிடும்.

அந்த அம்மாவின் தண்ணீர்த் தொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை புதிய மூடி போட்டேன். மேலே வலையும் கட்டிவிட்டேன். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். "குஞ்சுகளை எப்போது திறப்பீர்கள் தம்பி?" என்று கேட்டார். இந்த முறை பதினாறு குஞ்சுகள், இன்றோடு இருபத்தாறு நாள்.