"கூறப்படுகிறது" என்றால், யார் கூறியது?

விக்கிப்பீடியாவில் தீவிரவாதக் குழுக்கள் பற்றிய கட்டுரைகளைத் திருத்துவதில்தான் என் ஓய்வு நேரத்தில் பாதி போகிறது. அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

ஜப்பானில் தோன்றிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு பற்றிய பக்கம். புதிதாக வந்த ஒருவர், அதன் தலைவர் ஷோக்கோ அசகாராவைப் பற்றிய பத்தி முழுவதிலும் "அவர்" என்று இருந்ததை "அவன்" என்று மாற்றிவிட்டார். "தொடங்கினார்" என்பது "தொடங்கினான்" ஆனது. கூடவே "மனித மிருகம்" என்று ஓர் அடைமொழி. நான் பழையபடி ஆக்கினேன். உடனே உரையாடல் பக்கத்துக்கு வந்து கேட்டார்: "ரயிலில் விஷவாயு வைத்தவனுக்கு மரியாதை ஒரு கேடா?"

அவருடைய கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. தமிழில் வினைமுற்றை எழுதி முடிக்கும்போதே தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. கலைக்களஞ்சியத்தில் "அவர்" என்பதை மரியாதையாகப் பார்க்காதீர்கள், எல்லோருக்கும் பொதுவான ஒரு சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். யாருக்கு "அவன்" போடலாம் என்று நாம் முடிவு செய்ய ஆரம்பித்தால், நாளை வேறொரு கூட்டம் உட்கார்ந்து கொலையுண்டவர்களுக்கு "அவன்" போடும்.

அப்புறம் அடைமொழி இருந்த இடத்தில் நடந்ததை எழுதினேன். 1995 மார்ச் 20, காலை நெரிசல் நேரம். டோக்கியோ சுரங்க ரயிலின் 3 தடங்களில் 5 ரயில்கள். செய்தித்தாளில் சுற்றிய பைகளில் சாரின் என்ற நரம்பு நச்சு, திரவமாக. குழுவின் உறுப்பினர்கள் முனையைக் கூராக்கிய குடையால் பைகளைக் குத்திவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனார்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள், இதற்குமேல் "மிருகம்" என்ற சொல் என்ன வேலை செய்யப்போகிறது?

ஆத்திரத்தில் எழுதுபவர்களை என்னால் சமாளிக்க முடியும். எனக்குப் பயம் தருவது மென்மையாக எழுதுபவர்கள்தான். "கொன்றார்கள்" என்று இருந்ததை "கொல்லப்பட்டனர்" ஆக்குவார்கள். இரண்டு வாரம் கழித்து அது "உயிரிழந்தனர்" ஆகும். பிறகு "உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது". ஒவ்வொரு திருத்தமும் சின்னதுதான், எழுத்துப்பிழையும் இருக்காது. கடைசியில் பார்த்தால் கொன்றவர் வாக்கியத்தை விட்டே வெளியேறியிருப்பார். "கூறப்படுகிறது" என்ற அந்த ஒரு சொல்லைக் கண்டாலே என் கை சும்மா இருப்பதில்லை. யார் கூறியது, எப்போது, எங்கே என்று கேட்டு "சான்று தேவை" போட்டுவிடுவேன்.

குரோவேசிய மொழி விக்கிப்பீடியாவில் நடந்தது இதுதான். வலதுசாரித் தேசியவாத நிருவாகிகள் சிலர் பல ஆண்டுகள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் உஸ்தாசாக்கள் என்ற குரோவேசியப் பாசிசவாதிகள் நடத்திய யாசெனோவாட்ஸ் வதைமுகாம் அங்கே, ஆட்களைத் திரட்டிவைக்கும் இடம் என்ற பொருளில், "சேர்ப்பு முகாம்" என்று எழுதப்பட்டிருந்தது. அந்த முகாமில் 77,000 முதல் 99,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தின் மதிப்பீடு. 2013இல் குரோவேசியக் கல்வி அமைச்சரே, மாணவர்கள் இந்த விக்கிப்பீடியாவை நம்பவேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆய்வறிக்கை வந்தபோது 2021 ஆகிவிட்டது. நடுநிலை என்றால் இரு தரப்புக்கும் பாதிப் பாதி இடம் என்று வாதாடும் நண்பர்கள், அந்தச் "சேர்ப்பு முகாம்" என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கவேண்டும்.

சரி, அடிக்குறிப்பு இருந்தால் போதுமா? அதுவும் போதாது. வார்சாவில் நாஜிகளின் வதைமுகாம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அங்கே நச்சுவாயு அறைகள் இருந்தன, 2 லட்சம் போலந்துக்காரர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற பொய், ஆங்கில விக்கிப்பீடியாவில் 15 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. 2019இல் இஸ்ரேலின் ஹாரெட்ஸ் நாளிதழ்தான் அதை வெளியே கொண்டுவந்தது. இத்தனைக்கும் உலகிலேயே அதிகம் பேர் தொகுக்கும் பதிப்பு அது. அதனால் குறிப்பில் உள்ள நூலைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் நான் எதையும் விடுவதில்லை. இது மெதுவான வேலை. ஒரு பத்திக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

குழுவின் சொந்த இணையதளத்தைச் சான்றாகக் காட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதற்குக் காட்டலாம். ஓம் ஷின்ரிக்கியோ 2000இல் அலெஃப் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஏன் மாற்றினோம் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் வாயாலேயே எழுதலாம். 1995இல் செய்ததற்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் வரலாற்று ஆய்வுகளும் இருக்கின்றன.

"பயங்கரவாத அமைப்பு" என்ற பட்டத்துக்கு மட்டும் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். நம் நாளிதழ்கள் தீவிரவாதி, பயங்கரவாதி இரண்டையும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றிப் போடுகின்றன. அது நமக்கு உதவாது. எந்த நாடு, எந்த ஆண்டு தடைசெய்தது என்று எழுதினால் போதும். நெல்சன் மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் 2008 வரை இருந்தது. அதற்குள் அவர் நோபல் பரிசும் வாங்கி, குடியரசுத் தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆண்டைப் போடாமல் பட்டத்தை மட்டும் எழுதிவைத்திருந்தால் அந்தக் கட்டுரை எப்படி இருந்திருக்கும்!

"அவன்" என்று மாற்றிய அந்த நண்பருடன் நான்கு நாள் பேசினேன். கடைசியில் அவர்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். டோக்கியோ தாக்குதலில் இறந்தவர்கள் 13 பேர் என்று நம் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தாக்குதலில் படுத்த படுக்கையான ஒரு பெண், 25 ஆண்டுகள் அப்படியே இருந்து 2020 மார்ச்சில் இறந்தார். அவரையும் சேர்த்து 14 என்று செய்திகள் வந்திருந்தன. இரண்டு செய்திகளைச் சான்றாக வைத்து, ஓர் அடைமொழிகூட இல்லாமல், அந்த எண்ணை அவரே மாற்றினார். நான் அதில் கை வைக்கவில்லை.