மூலையில் இருந்த குஞ்சை யாருமே பார்க்கவில்லையா?

அந்தக் காக வீடியோவை நேற்றிலிருந்து ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உனக்குத்தான் பறவை என்றால் உயிராச்சே!" ஆமாம், உயிர்தான். அதனால்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு காகங்கள் ஒரு மனிதரின் தலையை மாறி மாறிக் கொத்த வருகின்றன. அதற்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை போல டப்பிங் குரல். சரி. ஆனால் வலது மூலையில், சுவரோரம், பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று உட்கார்ந்திருக்கிறதே! அதை ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை? அவை சண்டை போடவில்லை. பயந்துபோய்க் கத்துகின்றன.

"மனித உணர்ச்சியைப் பறவை மேல் ஏற்றாதே, அது அறிவியல் இல்லை" என்று ஒருவர் வருவார். நானா ஏற்றினேன்? பெண்டாட்டிக் குரல் கொடுத்தது நானா? நான் சொல்வது பயத்தை. பயந்த பறவையின் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும், அதை அளக்கவும் முடியும். 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் குகைமனித முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அப்புறம் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கத்தித் தீர்த்தன, வருஷக்கணக்கில். பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன.

என் முகத்தையும் ஒரு காகம் மறக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் மரத்தடியில் விழுந்து கிடந்த குஞ்சை எடுத்துக் கிளையில் வைத்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. வாய் திறந்தபடியே இருந்தது, உள்ளே முழுக்கச் சிவப்பு, சத்தம் மட்டும் வரவில்லை. நான் உதவத்தான் செய்தேன் என்று தாய்க்கு எப்படித் தெரியும்? ஒரு மாதம், நான் வாசலில் கால் வைத்தாலே தலைக்கு மேல் வந்துவிடும். ஒரு தடவை மண்டையில் ரத்தமே வந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை.

சிரிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆஸ்திரேலியாவில் சாட்டின் பவர்பேர்ட் என்று குடில் கட்டும் பறவை ஒன்று உண்டு. அதன் ஆண், பெண்ணைக் கவரத் தன் குடிலை நீலப் பொருள்களால் அலங்கரிக்கும். பக்கத்துக் குடிலில் புகுந்து நீலத்தைத் திருடியும் வரும்! அதை நினைத்து நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அது பறவை செய்வதைக் கவனித்ததால் வருகிற சிரிப்பு.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி குஞ்சைப் பற்றி அங்கே ஒரு கமெண்ட் போட்டேன். பதிலுக்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் மூன்று, என்னோடு விடியற்காலையில் எழுந்து பறவை பார்க்க வந்தவர்கள் போட்டவை. உங்களுக்குமா அந்தக் குஞ்சு தெரியவில்லை?

வீடியோ எடுத்தவர் ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் குஞ்சு என்ன ஆனது?