ஒரு கால்குலேட்டருக்கு எத்தனை அடாப்டர்?
வரைபடக் கால்குலேட்டரை மோடத்துடன் இணைக்கப் போய் மூன்றாவது ஞாயிறும் பாழாகிவிட்டது. கால்குலேட்டரில் 2.5 மி.மீ. துளை. அதன் சீரியல் கேபிளின் மறுமுனை 9 ஊசிக்கானது, மோடமோ 25. அடாப்டர் வாங்கினேன். துளைக்கு எதிரே துளை! எதை எதில் செருகுவது? இன்னொரு அடாப்டர். எல்லாம் பொருந்தியும் சத்தமே இல்லை. ஏன்? கேபிளும் மோடமும் எதிரே கணினி இருப்பதாகவே எண்ணுகின்றன. இரண்டும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் கேட்டால் யார் பதில் சொல்வது? 2ஆம் ஊசியின் கம்பியையும் 3ஆம் ஊசியின் கம்பியையும் மாற்றிப்போட மூன்றாவதாக ஒன்று வேண்டும். இப்போது ரயில் பெட்டிகளாய் மூன்றும் தொங்குகின்றன. மேசை அசைந்தாலே கழன்றுவிடுகின்றன. இந்தச் சீரியல் இணைப்புகளுக்கான ஆர்.எஸ்.-232 தரநிலை 1960இலேயே வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாகியும் ஒரு முனைகூட இன்னொன்றோடு நேராகச் சேராதா?