மூணு சுழியா, ரெண்டு சுழியா?

லினக்ஸில் 12 பிக்சல் அளவில் 'மணம்', 'மனம்' இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எழுத்தின் கோடுகளைத் திரையின் பிக்சல் கட்டங்களுக்குள் பொருத்தும் ஹின்டிங் அமைப்பு 'முழுமை' என்று இருந்தால் ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். மூணு சுழியா, ரெண்டு சுழியா என்று எண்ணக்கூட முடியாது. க், ச் மேலுள்ள புள்ளி தலைக்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தின் நேர்கோடுகளுக்குப் பொருந்துகிற கட்ட ஒழுங்கு, வளைந்த தமிழுக்கு ஆகவே ஆகாது. ஹின்டிங்கை 'ஸ்லைட்' (slight, லேசானது) என்று மாற்றினால் உயரத்தில் மட்டும்தான் சரிக்கட்டும், அகலம் தப்பிக்கும். பாதி வலி அதிலேயே தீரும்.

மீதிக்குக் காரணம் ஃபான்ட்கான்ஃபிக், அதாவது லினக்ஸில் எழுத்துருவைத் தேர்ந்து தரும் நிரல். நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் அதுவே ஒன்றைப் பொறுக்கித் தரும். மெனுவில் ஒன்று, உலாவியில் வேறொன்று. எது வருகிறது என்று எஃப்சி-மேட்ச் கட்டளையில் தமிழ் மொழிக்குறியைக் (fc-match :lang=ta) கொடுத்துப் பாருங்கள். அதன் அமைப்புக் கோப்பான ஃபான்ட்ஸ்.கான்ஃபில் சான்ஸ்-செரிஃப் (முனை அலங்காரமில்லாத எழுத்துரு) வரிசையில் முதலில் நோட்டோ சான்ஸ், அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வையுங்கள். தமிழை முதலில் வைத்தால் அதிலிருக்கும் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து வந்துவிடலாம். பிறகு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டிவிட்டு, செயலியை மூடித் திறக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின், லினக்ஸின் புதிய திரைமுறையான வேலண்டில் திரையை 125 சதவீதமாக்கினால், முந்தைய திரைமுறையான எக்ஸ்11-க்கு எழுதிய பழைய செயலிகள் மங்கிப்போகலாம். வரைந்து முடித்த படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், அதனால்தான். செயலிகளின் சாளரங்களை வரையும் ஜிடிகே 4 கருவித்தொகுப்பில், பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூராக்கும் சப்பிக்சல் வழியும் கிடையாது. விலை குறைந்த 1366×768 திரையில் தமிழ் படிக்கிறவர் என்னதான் செய்வார்?