லிஃப்ட் மெக்கானிக் ஆக எவ்ளோ செலவாகுது தெரியுமா

நேத்து ராத்திரி அக்கா பையன் போன் பண்ணான். ஐடிஐல லிஃப்ட் அண்ட் எஸ்கலேட்டர் மெக்கானிக் டிரேடு ரெண்டு வருஷம் முடிச்சிட்டு இப்ப சென்னையில அப்ரண்டிஸா இருக்கான். "மாமா, பேசாம டெலிவரிக்கு வண்டி ஓட்டப் போயிடட்டுமா, என்கூட படிச்சவன் மாசம் இருபதாயிரம் பாக்குறான்"ங்குறான். பதினெட்டு வருஷமா இதே வேலையில இருக்கேன், எனக்கே சட்டுனு பதில் வரல.

சர்டிபிகேட் வாங்க எவ்ளோ ஆகும்னு கேட்டா எல்லாரும் பீஸ் கணக்கத்தான் சொல்றாங்க. அரசு ஐடிஐல சீட்டு கெடச்சா அது பெரிய செலவே இல்ல. டியூஷன் பீஸ் கெடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், ஷூ, யூனிஃபார்ம் எல்லாம் குடுக்குறாங்க, அதுக்கு அரசாங்கத்த மனசாரப் பாராட்டணும். ஆனா இந்த டிரேடு எல்லா அரசு ஐடிஐலயும் இல்லையே, பக்கத்துல இல்லாதவன் காசு கட்டி பிரைவேட்லதான் சேரணும்.

நெஜமான செலவு படிச்சு முடிச்சப்புறம்தான் ஆரம்பிக்குது. 2019ல அப்ரண்டிஸ் விதிய திருத்துனப்ப ஐடிஐ முடிச்சவனுக்கு மாசம் குறைஞ்சது 7000னு வச்சாங்க. இவனுக்கு வர்றதும் கிட்டத்தட்ட அதுதான். அம்பத்தூர்ல நாலு பேரா சேந்து எடுத்த ரூம்ல இவன் பங்கு 2500, மெஸ்ஸுக்கு 3000, மிச்சத்துல பெட்ரோல், ரீசார்ஜ், வீட்டுக்கு எங்க அனுப்புறது சொல்லுங்க. இதுல மல்டிமீட்டர் சொந்தமா வாங்கிக்கன்னு வேற சொல்லிட்டாங்களாம். ஐடிஐ படிக்காம ஹெல்ப்பரா வந்த பசங்க நெலம இன்னும் மோசம், அரசு நடத்துற வயர்மேன் ஹெல்ப்பர் பரீட்சைய எழுதவே 21 வயசும் 5 வருஷ அனுபவமும் கேக்குறாங்க, அந்த அஞ்சு வருஷம் அவன் வயித்துக்கு என்ன பண்ணுவான்?

அமெரிக்காவுலயும் 4 வருஷம் அப்ரண்டிஸ்தான், பெரும்பாலான மாநிலத்துல லைசன்ஸும் வேணும். ஆனா தொழிற்சங்க ஒப்பந்தப்படி சேந்த புதுசுலயே மெக்கானிக் சம்பளத்துல பாதி கெடச்சிடும், அப்புறம் வருஷா வருஷம் ஏறும். கத்துக்குற காலத்துலயும் சோறு உண்டுன்னு தெரிஞ்சா எவன் பாதியில ஓடுவான்?

பயிற்சி இல்லாதவன் கையில லிஃப்ட குடுத்தா என்னாகும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். வேளச்சேரியில ஒரு அப்பார்ட்மெண்ட், பல வருஷம் முன்னாடி. மூணாவது மாடி கதவு லாக்ல காண்டாக்ட் போயிருக்கு, கதவு மூடியிருக்குன்னு லிஃப்டுக்குச் சொல்றதே அந்த காண்டாக்ட்தான், முந்தின நாள் வந்த பையன் ஒரு சாண் செவப்பு வயர வச்சு ஷார்ட் பண்ணி, அதாவது கதவு மூடியிருக்குன்னு லிஃப்ட ஏமாத்தி, ஓட்டிப் பாத்துட்டு, அத எடுக்க மறந்துட்டுப் போயிட்டான். நான் போய் நிக்குறேன், கதவு தொறந்தபடியே லிஃப்ட் பெட்டி மேல ஏறுது, ஒரு பாட்டி காய்கறிப் பையோட கால எடுத்து வைக்கப் போறாங்க. கையப் புடிச்சு இழுத்துட்டேன், தக்காளியெல்லாம் லிஃப்டுக்கு அடியில இருக்குற பள்ளத்துக்குள்ள போய் விழுந்துச்சு. அந்தப் பையன் வேலைக்குச் சேந்து மூணே மாசம், ஷார்ட் போட்டா மொதல்ல அத எடுத்துட்டுத்தான் லிஃப்ட நார்மலுக்குப் போடணும்னு யாரும் உக்கார வச்சு சொல்லிக் குடுக்கல. அவன நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

அதனாலதான் சொல்றேன், அப்ரண்டிஸ் பையனோட ரூம் வாடகையும் டூல்ஸும் கம்பெனி கணக்குல வரணும். அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன்காரங்களும் ஏஎம்சியில, அதான் வருஷ பராமரிப்பு ஒப்பந்தத்துல, மூவாயிரம் கொறச்சுட்டோம்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, வர்ற பையன் என்ன படிச்சிருக்கான், கூட சீனியர் வர்றாரான்னு கேளுங்க. கொறச்ச காசு அந்தப் பையன் சம்பளத்துலதான் கைய வைக்கும்.

அக்கா பையன்கிட்ட, இன்னும் எட்டு மாசம்தான்டா, பல்லக் கடிச்சுட்டு முடிச்சிடு, அது வரைக்கும் ரூம் வாடகை என் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். இந்த மாசத்துக்கு காலையிலயே ஜிபே பண்ணிட்டேன்.